வழக்குப் பொருளாக வந்த குடுவைச் செடிகள்

நம் செடிப் பண்ணையின் கிழக்கு ஓரத்தில், நிழல்வலைக்குக் கீழே தொங்கும், பூச்சி தின்னும் குடுவைச் செடிகளுக்கு நீங்கள் குழாய்த் தண்ணீர் விடுவதில்லை. மழைத் தண்ணீரைத் தனியாகப் பிடித்து வைத்து ஊற்றுகிறீர்கள். மலாய்க்காரர்கள் 'பெரியோக் கெரா', குரங்கின் பானை, என்று சொல்லும் அந்தச் செடிகளை நான் எப்படி மீட்டேன் என்று புதிதாகச் சேர்ந்த உங்களுக்குச் சொல்ல வேண்டுமாம். "ஒரு வெற்றிக் கதையா சொல்லுங்க மேடம், பிள்ளைங்களுக்கு உற்சாகமா இருக்கும்" என்று உங்கள் மேலாளர் கேட்டார். சரி என்று சொல்லிவிட்டேன். கூலாயில் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து யோசித்தபோது, வெற்றி என்று சொல்ல அதில் என்ன இருக்கிறது என்று எனக்குப் பிடிபடவில்லை.

அவை ஒரு வழக்கில் தடயப் பொருளாக இருந்த செடிகள். அவற்றைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு முகம் சூடாகிவிடும். வேலையில் இருந்த கடைசி வருடங்களில் அந்த ஓரத்துக்குப் போனால் கால்கள் தாமாகவே வேகம் பிடிக்கும். ஆகவே நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன்.

ஜமாலைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். அவரும் நானும் பல்கலைக்கழகத்தில் ஒரே வகுப்பு, ஒரே பட்டம். நான் கூலாய்க்காரி, மாதா கோவில் பாட்டுக் குழுவில் வளர்ந்தவள். அவர் யோங் பெங்கில் சாப்பாட்டுக்கடை வைத்திருந்த ஒருவரின் மூத்த மகன். அப்பாவை அவர் அத்தா என்பார்; ராமநாதபுரக் கடற்கரையிலிருந்து வந்தவர். படிப்பு முடிந்து இரண்டு பேரும் செடி வேலைக்கே சேர்ந்தோம், நான் இந்தப் பண்ணையில். அத்தாவுக்குப் பக்கவாதம் வந்ததும் ஜமால் வேலையை விட்டுவிட்டுக் கடையில் உட்கார்ந்தார். ஆனால் செடியை விடவில்லை. சமையலறைக்குப் பின்னால் ஒரு நிழல்கூடம் கட்டினார். சில வருடங்களிலேயே ஜொகூரில் குடுவைச் செடி என்றால் ஜமால் என்று ஆகிவிட்டது. கண்காட்சிகளில் பரிசு அவருக்குத்தான். அடக்கமான மனிதர் என்று யாரும் அவரைச் சொல்ல முடியாது. ரொட்டி சானாய் சாப்பிட வந்தவர்களைக் கைகூடக் கழுவ விடாமல் பின்பக்கம் இழுத்துப் போய்ச் செடியைக் காட்டுவார்.

எனக்கு முளைக்காத விதையெல்லாம் அவருக்கு முளைக்கும். நான் விதையை எடுத்துக்கொண்டு யோங் பெங் வரைக்கும் காடி ஓட்டிப் போவேன். "விதை உன்னப் பாத்து பயப்படுது லா ரோஸ்லின். நீ ரொம்ப முறைக்கிற" என்று, எங்கள் ஊர் மலாய் 'லா'வையும் சேர்த்து, கிண்டல் செய்வார். அவர் மனைவி ஃபாத்திமா என்னை அக்கா என்றுதான் கூப்பிடும். எப்போது போனாலும் சாப்பிடாமல் திரும்ப விடாது.

ஆயர் ஈத்தாமுக்கும் யோங் பெங்குக்கும் நடுவில், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்துக்குள்ளே, ஒரு சதுப்பு இருந்தது. பள்ளமான இடம், செம்பனைக்கு லாயக்கில்லை என்று நட்ட காலத்திலேயே விட்டுவிட்டார்கள். ஒருநாள் ஜமாலும் நானும் வேறு எதையோ தேடிப் போய் அதற்குள் இறங்கினோம். அங்கேதான் அந்தச் செடிகளைப் பார்த்தோம். குடுவையின் வயிறு வெளிறிய மஞ்சள், வாய் மட்டும் கறுப்பு என்று சொல்லத்தக்க ஊதா. அப்படி ஒரு நிறத்தை நாங்கள் வேறெங்கும் பார்த்ததில்லை. ஜமால் இடுப்பளவு புல்லுக்குள் அப்படியே உட்கார்ந்துவிட்டார். நானும் உட்கார்ந்தேன். கால்சட்டைக்குள் தண்ணீர் ஏறியதுகூட இரண்டு பேருக்கும் உறைக்கவில்லை.

தாய்ச்செடிகளை அங்கேயே விட்டுவிட்டு, அனுமதி வாங்கி, துண்டுகளும் விதையும் மட்டும் எடுத்து வளர்ப்பது என்று முடிவு செய்தோம். நான் விண்ணப்பம் போட்டேன். அது மேசைக்கு மேசை நகர்ந்துகொண்டிருந்த நேரத்தில், தோட்ட மேலாளர் என்னைக் கூப்பிட்டுப் பேசினார். நல்ல மனிதர். பள்ளத்தை வடியவிட்டு அங்கேயும் கன்று நடப் போகிறார்களாம். "உங்க அனுமதி வர்ற வரைக்கும் தள்ளிப் போடப் பாக்குறேன். மேல இருக்கிறவங்க எவ்ளோ நாள் பொறுப்பாங்கன்னு என்னால சொல்ல முடியாது" என்றார்.

அதற்குப் பிறகு ஜமால் வாரம் தவறாமல் போன் செய்தார்.

"வந்துச்சா?"

"வரும்."

"அதுக்கு முன்னாடி மண்ணு தோண்டுற மெஷின் வந்துரும்."

"கடுதாசி இல்லாம எடுத்தா நமக்கும் திருடனுக்கும் என்ன வித்தியாசம், ஜமால்?"

அவர் பதில் சொல்லவில்லை. என் பேச்சை ஏற்றுக்கொண்டுவிட்டார் என்று நினைத்தேன். நம் தொழிலில் இருப்பவர்களுக்கு இந்த வியாதி உண்டு. மண்ணுக்குச் சொந்தமான செடியைக் காப்பாற்றுகிறோம் என்பதாலேயே நம் கை சுத்தம், நாம் சொல்வதுதான் சரி என்று ஒரு எண்ணம் வந்துவிடும். எனக்கு அது கூடுதலாகவே இருந்தது.

ஒரு காலையில் நான் சதுப்புக்குப் போனபோது செடிகள் இல்லை. ஒன்றுகூட இல்லை. அவை இருந்த இடங்களில் குழிகள் இருந்தன, குழிகளில் கறுப்புத் தண்ணீர் நின்றது. வரப்பில் உட்கார்ந்து சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன். அழுதுகொண்டே ஜமாலுக்குப் போன் போட்டேன்.

"யாரோ எல்லாத்தையும் புடுங்கிட்டுப் போயிட்டாங்க."

அந்தப் பக்கம் கடையில் தட்டுகள் மோதும் ஒலி மட்டும் கேட்டது.

"கம்ப்ளைன் பண்ணிட்டியா?"

"இப்ப பண்ணப் போறேன்."

"பொறு, ரோஸ்லின். அவசரப்படாத. ஒரு வாரம் பொறு, அப்புறம் பாத்துக்கலாம்."

"எதுக்குப் பொறுக்கணும்? திருடுனவன் விக்கிற வரைக்குமா?" எனக்குக் கோபம் தலைக்கேறியது. பயந்துவிட்டார், கடை வைத்திருக்கும் மனிதர், போலீஸ் வம்பு வேண்டாம் என்று நினைக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். "நீ கடைய பாத்துக்க. செடிய நான் பாத்துக்கிறேன்" என்று சொல்லிப் போனை வைத்தேன்.

படித்த வேலையை விட்டுவிட்டு அவர் கடையில் உட்கார்ந்தது எந்த இடத்தில் வலிக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தே சொன்னேன்.

புகாரை நானே நேரில் போய்க் கொடுத்தேன். வனத்துறையின் அமலாக்கப் பிரிவில் அஸ்மான் என்ற அதிகாரி அதை எடுத்துக்கொண்டார். மலாய்க்காரர், மெதுவாகப் பேசுபவர், செடியைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று அவரே சொன்னார். சில வாரங்கள் கழித்து அவரிடமிருந்து போன் வந்தது. ஒரு பார்சலைச் சோதித்ததில் தடம் கிடைத்திருக்கிறது, செடிகள் யோங் பெங்கில் ஒரு வீட்டில் இருக்கின்றன, நீங்கள் வந்து அடையாளம் காட்ட வேண்டும், கடைத்தெருவில் எங்கள் வண்டிகளைத் தேடி வாருங்கள் என்றார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நெடுஞ்சாலையில் போகும்போது, வேலையை முடித்துவிட்டு ஜமால் கடைக்குப் போய்ச் செய்தியைச் சொல்லிச் சமாதானம் ஆகிவிட வேண்டும் என்று எண்ணிக்கொண்டே போனேன்.

அவர்கள் வண்டிகள் ஜமாலின் கடைக்கு முன்னால் நின்றன. அப்போதும் எனக்குப் புரியவில்லை. அதிகாரிகள் பசியாறிக்கொண்டிருக்கிறார்கள் என்றே நினைத்தேன்.

அஸ்மான் வெளியே வந்து என்னைக் கடை வழியாகப் பின்பக்கம் கூட்டிப் போனார். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். நிழல்கூடத்துக்குப் பின்னால், நான் ஒருநாளும் பார்த்திராத ஒரு புதுத் தடுப்பு இருந்தது. அதற்குள் வாளிகளில், நுரைப் பெட்டிகளில், பழைய எண்ணெய் டின்களில், என் செடிகள் இருந்தன. பக்கத்தில் ஜமால் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

ஃபாத்திமா சமையலறை வாசலிலிருந்து ஓடி வந்து என் கையைப் பிடித்தது.

"அக்கா, நீங்க வந்துட்டீங்க, நல்லதாப் போச்சு. இவங்ககிட்ட சொல்லுங்க அக்கா. இது இவரு வளத்ததுதானே? இவரு எவ்ளோ வளக்கிறாருன்னு உங்களுக்குத் தெரியாதா?"

அம்மா என்ற பொருளில் 'புவான்' என்று விளித்து அஸ்மான் மலாயில் கேட்ட கேள்வி ஒன்றுதான். "புவான், இவை வீட்டில் வளர்த்த செடிகளா, காட்டிலிருந்து எடுத்தவையா?"

வீட்டில் வளர்த்தவை என்றால் வழக்கு இல்லை. அதைச் சொல்ல ஒரே வார்த்தை போதும். அந்த இடத்தில் என் பேச்சை மறுத்துச் சொல்ல யாருக்கும் தகுதி இல்லை. அதைத் தெரிந்துகொண்டுதான் ஃபாத்திமா என் கையை விடாமல் பிடித்திருந்தது.

செடியைக் குனிந்து பார்த்தேன். பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. அடித்தண்டு கறுத்து மரமாகியிருந்தது. வேரோடு சதுப்பின் கறுப்பு மண்ணும் கோரைப்புல்லின் வேரும் பின்னிக் கிடந்தன. பழைய இலைகளில் பாசி. கொட்டகையில் வளர்ந்த செடி இப்படி இருக்காது. ஜமாலை நிமிர்ந்து பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையில் கெஞ்சல் இல்லை. நான் என்ன சொல்லப் போகிறேன் என்பது எனக்கும் முன்னாலேயே அவருக்குத் தெரிந்திருந்தது.

"காட்டுச் செடி" என்றேன். "அந்தச் சதுப்பிலிருந்து எடுத்தது."

ஃபாத்திமா என் கையை விட்டுவிட்டது.

ஜமால் மட்டும் பேசினார். "சரியாத்தான் சொல்லியிருக்கீங்க, மேடம்" என்றார். அத்தனை வருடப் பழக்கத்தில் அவர் என்னை மேடம் என்றதும் நீங்க என்றதும் அதுதான் முதல் தடவை. வந்த வழியே கடைக்குள்ளாக நடந்து வெளியே போக எனக்குத் துணிவு வரவில்லை. பின்சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு காடிக்குப் போனேன்.

உண்மையைச் சொன்னால் மனம் லேசாகிவிடும் என்று சொல்வார்கள். எனக்கு அப்படி ஒன்றும் நடக்கவில்லை. நான் சொன்னது சரி, இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். இருந்தும் அந்த வாரம் முழுவதும் நான் கோவிலுக்குப் போகவில்லை, பக்கத்து வீட்டாரிடம் பேசவில்லை. சரியானதைச் செய்தவள் ஏன் திருடி மாதிரி ஒளிந்துகொள்கிறாள் என்று என்னையே கேட்டுக்கொண்டேன்.

அதைவிட மோசமானது பிறகு வந்தது. கைப்பற்றிய செடிகளை வைத்துப் பராமரிக்க வேறு இடம் இல்லாததால் நம் பண்ணைக்கே அனுப்பினார்கள். ஒவ்வொன்றுக்கும் எண் எழுதி முத்திரையிட்ட அட்டை. வழக்கு முடியும்வரை எப்படி வந்ததோ அப்படியே இருக்க வேண்டும், தொட்டி மாற்றக் கூடாது, வெட்டக் கூடாது, பிரிக்கக் கூடாது என்றார் அஸ்மான். தண்ணீர் ஊற்றலாம், அவ்வளவுதான்.

நாளாக ஆகச் செடிகள் சோர்ந்தன. முதலில் குடுவைகள் காய்ந்தன, பிறகு இலை நுனிகள் கறுத்தன. நீளமான கொடி, அதைத் தாங்கும் அளவுக்கு வேர் இல்லை. பிடுங்கியபோதே பாதி வேர் அறுந்திருந்தது. அஸ்மானிடம் ஏதாவது செய்ய அனுமதி கேட்டேன். அவர் மேலே எழுதினார். மேலிருந்து ஒரு வார்த்தையும் வரவில்லை. மறுபடி கேட்டேன், மறுபடி எழுதினார்.

அந்த நாட்களில்தான் ஒரு வேலையாக ஆயர் ஈத்தாம் பக்கம் போனவள் சதுப்பைப் பார்த்துவிட்டு வந்தேன். நடுவில் ஆழமான வடிகால் வெட்டியிருந்தார்கள். கறுப்பு மண் வெயிலில் வெடித்துக் கிடந்தது. ஓரத்தில் செம்பனைக் கன்றுகள் பிளாஸ்டிக் பைகளில் வரிசையாகக் காத்திருந்தன. என் அனுமதிக் கடிதம் அப்போதும் வந்திருக்கவில்லை. ஜமால் எடுக்காமல் விட்டிருந்தால் அந்தச் செடி இந்த உலகத்திலேயே இல்லை. அவர் எடுத்ததை நான் பிடித்துக் கொடுத்தேன், இப்போது என் பண்ணையில் வைத்துச் சாகவிட்டுக்கொண்டிருக்கிறேன். வரப்பில் நின்று இதை நினைத்தபோது, யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. இருந்தும் கூசியது.

பழைய காட்டுக்கொடி இப்படிச் சோர்ந்தால் எப்படித் தேற்றுவது என்று எனக்குத் தெரியாது. அந்த நிலையிலிருந்து செடிகளைத் திருப்பிக் கொண்டுவந்த ஒருவரைத்தான் எனக்குத் தெரியும். வழக்கில் சாட்சியாக இருப்பவள் குற்றம் சாட்டப்பட்டவரைப் போய்ப் பார்ப்பது தவறு என்றும் தெரியும். இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாவது நாள் யோங் பெங்குக்குப் போனேன்.

பசியாறும் கூட்டம் முடிந்து கடை ஓய்ந்திருந்தது. ஃபாத்திமா கல்லாவில் இருந்தது. என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டது. விசிறிக்குக் கீழே ஒரு மேசையில் உட்கார்ந்தேன். பரிமாறுகிறவர்கள் யாரும் கிட்டே வரவில்லை. எழுந்து போய்விடலாமா என்று நினைத்தபோது ஜமாலே நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். எதிரில் உட்காரவில்லை.

"என்ன வேணும் உங்களுக்கு?"

"செடி சாகுது, ஜமால்."

"உங்க செடி. நீங்கதான் பாத்துக்கிறேன்னு சொன்னீங்க."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். போனில் எடுத்து வைத்திருந்த படங்களைத் திறந்து அவர் பக்கம் தள்ளினேன். அவர் வேண்டாவெறுப்பாகப் பார்த்தார். ஒன்றைத் தள்ளி அடுத்ததைப் பார்த்தார். அடுத்ததையும் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்து உட்கார்ந்துவிட்டார்.

"அலமாக்! என்ன பண்ணி வச்சிருக்கே நீ? கொடிய அப்படியே விட்டிருக்கே? வேரே இல்லாத செடிக்கு இவ்ளோ நீளக் கொடியா? வெட்டு! அடியில ஒரு சாண் விட்டுட்டு எல்லாத்தையும் வெட்டு. வெட்டுன கொடிய துண்டு போட்டு பாசியில சொருகு. அடிக்கட்ட தானா முளைக்கும்."

"வெட்டக் கூடாதுன்னு உத்தரவு."

"யாரு உத்தரவு? செத்துப் போன செடிய வச்சு எந்தக் கோர்ட்டுல என்ன காட்டப் போறீங்க?"

அவர் குரல் உயர்ந்தது. கல்லாவிலிருந்து ஃபாத்திமா எழுந்து வந்தது. "இவங்களுக்கு எதுக்குங்க சொல்லிக் குடுக்குறீங்க?" என்று கணவரிடம் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பியது. "அன்னைக்கு நீங்க ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம், அக்கா. எங்க வீட்டுல எத்தன தடவ சாப்பிட்டிருப்பீங்க."

ஜமால்தான் கையைக் காட்டி நிறுத்தினார். "பொய் சொல்லச் சொல்லாத. எடுத்தது நான்தானே."

ஃபாத்திமா உள்ளே போன பிறகு நான் கேட்டேன். "எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா நீ என்ன பண்ணியிருப்ப?"

"தடுத்திருப்பேன்."

"அதான்."

இன்னொன்றையும் கேட்காமல் இருக்க முடியவில்லை. "அந்தப் பார்சல்? வித்தியா?"

அவர் வெளியே சாலையைப் பார்த்தார். "சிங்கப்பூர்ல ஒருத்தருக்கு ரெண்டு செடி. எல்லா முட்டையும் ஒரே கூடையில இருக்க வேணாம், அவரு நல்லா வளப்பாருன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். ஆனா காசு வாங்கினேன். இல்லன்னு சொல்ல மாட்டேன். அந்த ரெண்டுக்கும் எது வந்தாலும் சரி." தேநீரை என் பக்கம் நகர்த்தினார். "ஆறிடும். குடிச்சுட்டுப் போ. போய் வெட்டு."

பண்ணைக்குத் திரும்பி ஒவ்வொரு செடியையும் அட்டையோடு சேர்த்துப் படம் எடுத்தேன். உதவிக்கு யாரையும் கூப்பிடவில்லை, பிறகு அவர்களையும் யாரும் கேள்வி கேட்கக் கூடாது. கத்தியைத் தீட்டி நானே எல்லாவற்றையும் வெட்டினேன். வெட்டி முடித்த கையோடு அஸ்மானுக்குப் போன் செய்து சொன்னேன். யாரைக் கேட்டு வெட்டினேன் என்பதையும் மறைக்கவில்லை.

அவர், "புவான், எதிர்த்தரப்பு வக்கீல் இதைக் கேட்டால் உங்கள் சாட்சி நிற்காது. உங்கள் வேலைக்கும் ஆபத்து. என் வேலைக்கும்தான்" என்றார். நான் அவரைப் பற்றி நினைத்தே பார்க்கவில்லை. என் தலையில் விழப்போவதை மட்டுந்தான் கணக்கில் எடுத்திருந்தேன். அவர் கடிந்துகொள்ளவில்லை. "கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுங்கள்" என்று மட்டும் சொன்னார்.

அடிக்கட்டைகளில் பாதிக்கு மேல் அழுகிப் போயின. மிச்சமிருந்தவை துளிர்த்தன. துண்டுகளிலும் கொஞ்சம் வேர்விட்டன.

வழக்கு விசாரணைக்கு வந்த அன்று, என்னிடம் கேட்கப்போகும் கேள்விகளை ஒவ்வொன்றாக நினைத்தபடி நீதிமன்ற வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். செடிகளை வெட்டினீர்களா? ஆமாம். யார் சொல்லி வெட்டினீர்கள்? அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லும் கணத்தில் வழக்கு உடையும், ஜமால் தப்பித்துவிடுவார். அது அவருடைய வக்கீலுக்கு ஒரு வரம். ஜமால் அவரிடம் சொல்லாமலா இருந்திருப்பார்?

உள்ளே போன கொஞ்ச நேரத்தில் அஸ்மான் வெளியே வந்தார். "புவான் வீட்டுக்குப் போகலாம். அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டார். சாட்சி தேவையில்லை" என்றார்.

அபராதம் விதித்தார்கள். ஜமால் கட்டினார். வெளியே வந்தபோது அவரை வழிமறித்தேன்.

"ஏன் ஜமால்? நான் வந்தத உன் வக்கீல்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னா கூண்டுல ஏத்தி உன்ன நார் நாரா கிழிச்சிருப்பாரு. அப்புறம் அந்தச் செடிய யாரு பாத்துக்குவா? நானா? எனக்குத்தான் இனிமே பெர்மிட்டே குடுக்க மாட்டாங்களே." சொல்லிவிட்டு நடந்தார். ஃபாத்திமா அவருக்குப் பின்னால் போனது. என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

உங்களில் ஒருவர் முன்பே என்னைக் கேட்டிருக்கிறீர்கள், சட்டமா செடியா என்று வந்தால் எந்தப் பக்கம் நிற்பது என்று. எனக்குத் தெரியாது. ஜமாலின் நிழல்கூடத்தில் சட்டத்தின் பக்கம் நின்றேன், பண்ணைக்குள் செடியின் பக்கம் நின்றேன். இரண்டு முறையும் வேறு யாரோ அதற்கான விலையைக் கொடுத்தார்கள். தெரிந்தது ஒன்றைத்தான் சொல்ல முடியும். நீங்கள் யாரைக் காட்டிக் கொடுக்க நேர்ந்ததோ அவரிடமே போய் உதவி கேட்க வேண்டிய நாள் வரலாம். அப்போது வெட்கத்துக்காக வீட்டில் உட்கார்ந்துவிடாதீர்கள். நான் இரண்டு நாள் உட்கார்ந்தேன். அந்த இரண்டு நாளில் சில செடிகள் செத்தன.

செடிகள் சட்டப்படி நம்முடையவையாகிப் பெருகின. காப்புக்காடு ஒன்றின் ஓரத்தில் அவற்றுக்கு ஏற்ற சதுப்பு கிடைத்தது. நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச காலம் முன்னால் அங்கே திரும்ப நடுவதற்கு ஒரு விழா வைத்தார்கள். ஜமாலின் பெயரை அழைப்பில் சேர்க்கக் கேட்டேன். தண்டனை பெற்றவரை உள்ளே விட முடியாது என்றார்கள். மேடையிலாவது அவரைப் பற்றிச் சொல்லட்டுமா என்று அவரிடமே கேட்டேன். "வேணாம் லா. கடைக்கு வர்றவங்க இப்பதான் மறந்திருக்காங்க. ஃபாத்திமா தாங்காது" என்றார்.

ஆகவே பட்டுப்புடவை கட்டிக்கொண்டு நான் போனேன். கூடாரம், ஒலிபெருக்கி, நாற்காலிகள். அழிவின் விளிம்பிலிருந்து ஒரு செடியைத் தனி ஒருவராக மீட்டவர் என்று என்னைப் பற்றிப் பேசினார்கள். எழுந்து நிற்கச் சொன்னார்கள். எல்லோரும் கை தட்டினார்கள். நான் கைகூப்பிக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றேன். அடக்கம் என்று நினைத்திருப்பார்கள். வரிசையில் பின்னால் நின்ற அஸ்மானின் பக்கம் மட்டும் பார்க்க முடியவில்லை. அவருக்கு எல்லாம் தெரியும்.

நட்டு முடித்து விருந்தினர்கள் சாப்பாட்டுக்குப் போன பிறகு, சதுப்பின் ஓரத்துக்கு வந்து ஜமாலுக்கு வீடியோ அழைப்புப் போட்டேன். அவர் கடையில் முகத்தில் எண்ணெய் வழிய நின்றார். போனைத் திருப்பிச் செடிகளை ஒவ்வொன்றாகக் காட்டினேன். அவர் மூச்சு மட்டும் கேட்டது. கடைசிச் செடிக்கு வந்தபோது, "நிறுத்து, நிறுத்து" என்றார்.

"என்ன?"

"அத யாரு நட்டது?"

"நான்தான். ஃபோட்டோவுக்காக என்னை நடச் சொன்னாங்க."

"கழுத்து வரைக்கும் பொதைச்சு வச்சிருக்கே. அழுகிடும். தூக்கு."

ஒரு கையில் போனை வைத்துக்கொண்டு இன்னொரு கையால் முயன்றேன். மண் விடவில்லை. அப்போது யாரோ என் கையிலிருந்து போனை வாங்கினார்கள். அஸ்மான். சாப்பாட்டுக்குப் போகாமல் எப்போது வந்து நின்றார் என்று தெரியவில்லை. அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் திரையில் இருப்பது யார் என்று நன்றாகத் தெரியும். அவர் சப்பாத்துக் காலோடு சேற்றுக்குள் ஓர் அடி இறங்கி, ஜமாலுக்குச் செடி தெரியும்படி போனைத் தாழ்த்திப் பிடித்தார்.

நான் புடவையோடு முழங்காலிட்டு, இரண்டு கைகளையும் சேற்றுக்குள் விட்டேன்.

"இன்னும் கொஞ்சம்" என்றார் ஜமால். "இன்னும். ஆங், அவ்ளோதான். விடு."